மீட்டர்க்காரரின் கெண்டைக்கால்

“வீட்டுல நாய் இருக்கா?” என்று டாக்டரம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“இல்லைங்க” என்று மீட்டர்க்காரரும் மூன்றாவது முறையாகச் சொன்னார். முதல் தடவை பணிவோடு சொன்னார். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னார். இந்தத் தடவை, தன் ஒழுக்கத்தைச் சந்தேகப்பட்டவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

“பக்கத்து வீட்டுல? தெருவுல எதையாவது கொஞ்சறது, தடவிக் கொடுக்கறது?”

“டாக்டரம்மா, கல்யாணத்துக்கு முன்னால நான் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டுல நாய் கூடாதுங்கறதுதான். வேற எதுவும் கேக்கல. சமைக்கத் தெரியுமான்னுகூடக் கேக்கல.”

கட்டிலைச் சுற்றி நின்ற மருத்துவ மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில், கட்டுப் போட்ட காலைக் கயிற்றில் தொங்கவிட்டபடி படுத்திருந்த லாரி டிரைவர், இந்த வார்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாகச் சுவாரசியம் தட்டி, தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டார்.

மீட்டர்க்காரரின் உத்தியோகம், வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து வருவது. மற்றவர்கள் வீட்டைக் கதவு எண்ணால் அடையாளம் சொல்வார்கள். அவர் நாயால் சொல்வார். கறுப்பு வீடு, நொண்டி வீடு, கட்டிப் போட்ட வீடு, கட்டிப் போட்டிருப்பதாகச் சொல்லும் வீடு. கடைசி வகைதான் ஆபத்தானது. போன வாரம் அப்படி ஒரு வீட்டில், செருப்பு அளவே இருந்த ஒரு வெள்ளை நாய், மூன்று நாய்களுக்கான குரலோடு புறப்பட்டு வந்தது. மீட்டர்க்காரர் மதில் ஏறிக் குதித்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த தரை, அந்தப் பக்கம் கொஞ்சம் பள்ளத்தில் இருந்தது.

விலா வலிக்கிறதென்று வந்தவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்பு இரும்பாக இருந்தது. ஆனால் ஈரலுக்குள் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பை உட்கார்ந்திருந்தது. அதற்குள் உரிந்த தோல் ஒன்று, குளத்தில் அல்லி இலை மிதப்பதுபோல் மிதந்துகொண்டிருந்தது. மாணவர்கள் அதைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். தன் வயிற்றுக்குள் இப்படி ஓர் இயற்கைக் காட்சி இருக்கிறதென்பதில் மீட்டர்க்காரருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், காரணத்தைக் கேட்கும் வரைக்கும்.

“இது நாய்ப் புழுவால வர்ற கட்டி” என்றார் டாக்டரம்மா. “நாயோட குடல்ல இத்தினூண்டு புழு இருக்கும். அதோட முட்டை நாயோட கழிவுல வரும். வால் பக்கத்து முடியிலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். எப்படியாவது அது நம்ம வாய்க்குள்ள போயிட்டா, ஈரல்ல போய் உக்காந்து, பை கட்டிக்கிட்டு, சத்தமில்லாம வருஷக்கணக்கா குடித்தனம் பண்ணும். நீங்க விழுந்ததுல பை உடையாம இருந்ததே பெரிய விஷயம். உடைஞ்சிருந்தா உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, உயிருக்கே ஆபத்து வந்திருக்கும்.”

“நாய் விஷயம் என் வாய்க்குள்ள போக வழியே இல்லைங்க” என்ற மீட்டர்க்காரர், போர்வையை விலக்கி, இடது கெண்டைக்காலைக் கூட்டத்துக்குக் காட்டினார். “இதைப் பாருங்க.”

அங்கே ஒரு நீளமான வெள்ளைத் தழும்பு இருந்தது.

“எனக்கு மூணு வயசு. வாசல்ல சும்மா விளையாடிக்கிட்டு இருந்த குழந்தை. ஒரு நாய், இவ்வளவு பெரிசு, கன்னுக்குட்டி மாதிரி, வந்து ஒரே கவ்வு. காரணமே கிடையாது. கவ்விட்டு ஓடினதுதான், அதுக்கப்புறம் அந்த ஊர்ப் பக்கமே அது தலைவெச்சுப் படுக்கல. குத்த உணர்ச்சி. அன்னையிலேருந்து நான் ஒரு நாயையும் தொட்டது கிடையாது.”

இந்தக் கதையை அவர் சொல்லாத இடம் இல்லை. அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார், கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார், முன்பின் தெரியாத பேருந்துப் பயணிகளிடம் கால்சட்டையைச் சுருட்டிச் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல நாய் வளர்ந்துகொண்டே வந்தது. முழுசாகக் கேட்காத ஒரே ஆள் அவருடைய அக்காதான். இவர் காலை நீட்டி ஆரம்பித்தால் அக்காவுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவாள்.

“கடிச்சா இந்த நோய் வராது ஐயா. வாய் வழியாத்தான் வரும்” என்றார் டாக்டரம்மா. “வீட்டுல யாராவது உங்களுக்குத் தெரியாம நாய்க்குச் சோறு போடறாங்களோ என்னவோ. கேட்டுப் பாருங்க. வேற யாருக்கும் வந்துடக் கூடாது பாருங்க.”

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. மீட்டர்க்காரர் கேட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் அடுக்குப் பாத்திரத்தோடு வந்த மனைவியை உட்காரக்கூட விடவில்லை.

“உண்மையைச் சொல்லு. எனக்குத் தெரியாம எந்த நாய்க்காவது சோறு போடறியா?”

“உங்களுக்குத் தெரிஞ்சு உங்களுக்குப் போடறதுக்கே நேரம் போதல.”

“அப்போ கீரையைச் சரியா அலசறதில்லையா? அதுலயும் வருமாம்.”

மனைவி பாத்திரத்தை மூடினாள். “நான் கீரை அலசற தண்ணியில மீன் வளக்கலாம். அவ்வளவு சுத்தம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் அந்தப் பாத்திரத்தில் உப்பில்லாத சாப்பாடு வந்தது. அதற்கடுத்த நாள் பாத்திரமே வரவில்லை.

காலையில் மாணவர்கள் வந்தார்கள். நாய் இல்லாத வீட்டு நோயாளி என்று மீட்டர்க்காரரின் புகழ் இதற்குள் பெண்கள் வார்டைத் தாண்டிப் போயிருந்தது. ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மாணவி, சின்ன வயதில் மண் தின்பீர்களா என்று விசாரித்தாள். இன்னொருவன், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டா என்றான். தூக்கத்தில் நடந்து போய் நாயைக் கொஞ்சிவிட்டு வந்திருக்கலாமாம்.

அவர்கள் போனதும் மீட்டர்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மீட்டர் அண்ணே” என்றார் லாரி டிரைவர். “எதுக்கு இந்தப் பாடு? ஆமாய்யா, நாய் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வந்தவங்க சந்தோஷமா எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க. அண்ணி சோறும் திரும்ப வரும்.”

“என் வாயால நாய் இருக்குன்னு சொல்றதா?”

“செக்போஸ்ட்ல நான் சொல்லாததா? லாரியில என்ன இருக்குன்னு அவங்க நினைக்கறாங்களோ அதையே சொல்லிட்டா வண்டி சீக்கிரம் நகரும்.”

மத்தியானம் டாக்டரம்மா வந்தபோது, மீட்டர்க்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே, “நாய் ஒண்ணு இருக்குங்க. வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன்” என்றார்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்பாடா. நாய் பேர் என்ன?”

இதை லாரி டிரைவர் சொல்லித் தரவில்லை. மீட்டர்க்காரர் சுவரில் ஒரு பேரைத் தேடினார்.

“நாய்னுதாங்க கூப்பிடுவோம்.”

“சரி, நாளைக்கே அதைக் கொண்டு வரச் சொல்லுங்க. எதிர்லயே கால்நடை ஆஸ்பத்திரி இருக்கு. அதைப் பரிசோதிச்சுப் பூச்சி மாத்திரை கொடுக்கணும். உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம். மாணவங்களும் அந்த நாயைப் பாக்கணும்னு ஆசைப்படுவாங்க.”

அவர் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்த மீட்டர்க்காரர், மெதுவாக லாரி டிரைவர் பக்கம் திரும்பினார்.

“செக்போஸ்ட்ல லாரியைத் திறந்து காட்டச் சொன்னா என்ன பண்ணுவ?”

“அப்படிக் கேக்கற எடத்துல நான் பொய் சொல்றதில்லை அண்ணே” என்று சொல்லி, டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

“இங்க பாரு, நாளைக்கு வரும்போது ஒரு நாய் கொண்டு வா.”

எதிர்முனையில் மனைவி கலங்கிய குரலில், “ஏங்க, மருந்து எதையாவது மாத்திக் கொடுத்துட்டாங்களா?” என்றாள்.

விஷயத்தை விளக்கி முடித்ததும் அந்தக் கலக்கம் போன இடம் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு நாய் வளர்க்க ஆசை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கெண்டைக்கால் குறுக்கே வந்து நிற்கும். இப்போது கெண்டைக்காலே போன் போட்டு நாய் கேட்கிறது. “நான் பாத்துக்கறேன். நீங்க அலட்டிக்காதீங்க” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வெளி வராந்தாவில், கூடைக்குள்ளிருந்து மனைவி எடுத்துக் காட்டிய நாயைப் பார்த்ததும் மீட்டர்க்காரரின் விலா தானாகவே வலித்தது. வெள்ளை நிறம். செருப்பு அளவு.

“இது… இது அந்த வீட்டு நாய்” என்றார் வாய்க்குள்ளேயே.

“ஆமா. பாவம், அவங்க வீடு மாத்திப் போறாங்களாம், புது வீட்டுல நாய் விட மாட்டாங்களாம். வெச்சுக்கங்கன்னு கொடுத்துட்டாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்க, மதில்ல இருந்து விழுந்தவர் நல்லா இருக்காரான்னு.”

நாயைப் பார்க்க மாணவர்கள் வந்து சேர்ந்தபோது, நாயும் அவரை அடையாளம் கண்டுகொண்டது. கூடை விளிம்பில் முன்கால்களை வைத்து, அன்றைக்குப் பாதியில் விட்டதை முழுசாகக் குரைத்து முடித்தது.

“சொந்த நாயே இவரைப் பாத்து இப்படிக் குரைக்குதே” என்றாள் கண்ணாடி போட்ட மாணவி.

“பாசம்” என்றார் மீட்டர்க்காரர், சுவரோடு ஒட்டி நின்றபடி.

குரைத்துக் களைத்ததும் நாய் கூடையிலிருந்து தாவி வந்து, அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவரால் காலை எடுக்க முடியவில்லை. எடுத்தால் கடிக்குமோ என்ற பயம் பாதி. மீதிப் பாதி என்னவென்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை. செருப்பின் மேல் வெதுவெதுவென்று இருந்தது.

நாயை எதிர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மனைவியை ஸ்கேன் அறைக்குக் கொண்டு போனார்கள். இரண்டு முடிவுகளும் சாயங்காலம் வந்தன. மனைவியின் ஈரல் பளிங்கு மாதிரி இருந்தது. நாயின் குடல் அதைவிடச் சுத்தம்.

“கால்நடை டாக்டர் சொல்றார், இந்த நாய் பச்சை மாமிசத்தை மோந்துகூடப் பாத்திருக்காதாம்” என்று டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆட்டு ஈரல், குடல்னு பச்சையாத் தின்ற நாய்க்குத்தான் இந்தப் புழு வரும். இது காய்ச்சின பால் குடிக்கிற நாய். மாத்திரையெல்லாம் முறையாப் போட்டிருக்காங்க. அப்போ உங்களுக்கு எங்கேருந்து வந்தது? வீட்டுல இன்னொரு நாய் இருக்கா?”

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓர் இருமல் கேட்டது. மீட்டர்க்காரர் அந்தப் பக்கம் திரும்பாமலே, “இல்லைங்க” என்றார்.

“நாளைக்கழிச்சு ஊசி போடறோம். அதுக்குள்ள நல்லா யோசிங்க.”

ஊசி என்றால் சாதாரண ஊசி இல்லை. கட்டி கொஞ்சம் அடங்க வேண்டும் என்பதற்காக ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தார்கள். இனி ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியை ஈரலுக்குள் விட்டு, பையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் மருந்தை உள்ளே விட்டு, கொஞ்சம் ஊறவைத்து, திரும்பவும் உறிஞ்ச வேண்டும். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் உடம்பு பொறுக்காது. அதனால் மயக்க டாக்டர் ஒருவர் மாற்று மருந்தோடு கோல் கீப்பர் மாதிரி தலைமாட்டிலேயே நிற்பார்.

அன்று காலை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும் வழியில், வராந்தாவில் கூடை தெரிந்தது. கூடைக்கு மேலே இரண்டு வெள்ளைக் காதுகள் தெரிந்தன. மனைவி அந்தக் காதுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் அவள் எதையாவது பிடித்துக்கொள்வாள். இத்தனை வருஷமாக அது அவருடைய சட்டைக் கையாக இருந்தது.

மனசில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஈரலில் ஊசி வாங்க மீட்டர்க்காரருக்குத் துணிச்சல் வரவில்லை.

“டாக்டரம்மா, ஒரு விஷயம்” என்றார், மேசையில் படுத்ததும். “அந்த நாய் எங்க நாய் இல்லைங்க. நீங்க விடாமக் கேட்டதால சொல்லிட்டேன். அதைப் பாத்து பயந்துதான் நான் மதில்ல இருந்தே விழுந்தேன்.”

கோல் கீப்பர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் முகமூடி போட்டிருந்தார் என்பதால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

“பரவாயில்லை. மூச்சை மெதுவா விடுங்க. ஆடாதீங்க.”

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. மருந்து போனது. ஊறியது. திரும்ப வந்தது. கோல் கீப்பருக்கு ஒரு பந்தும் வரவில்லை. ஸ்கேன் திரையில் ஆரஞ்சுப்பழம் வாடி, வெறும் தோலாகச் சுருண்டு கிடந்தது.

“முடிஞ்சுது” என்றார் டாக்டரம்மா. “மாத்திரை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் சாப்பிடணும். அப்புறம் அப்பப்போ வந்து ஸ்கேன் காட்டிட்டுப் போகணும்.” பிறகு யோசித்தபடியே சொன்னார்: “இந்தக் கட்டி ரொம்ப மெதுவா வளரும் ஐயா. சில பேருக்குச் சின்ன வயசுல வந்தது தலை நரைச்சப்புறம்தான் தெரியும். உங்களைக் குழந்தையாப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா?”

“அக்கா இருக்காங்க. நாளைக்கு வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போக வர்றாங்க.”

மறுநாள் உப்புப் போட்ட சாப்பாடு வந்தது. மீட்டர்க்காரர் ரசித்துச் சாப்பிட்டார். ஜன்னல் வழியாக இளவெயில் கட்டில் மேல் விழுந்தது. உடம்பு லேசாக இருந்தது. எல்லாமே நன்றாகத்தான் இருந்தது, மனைவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் வரைக்கும்.

“நாயைத் திருப்பிக் கொடுத்துடவா?”

அவர் காலியான பாத்திரத்தை இன்னொரு தடவை வழித்தார்.

“கொடுத்துடறேன். அவங்க சாயங்காலம் கிளம்பறாங்களாம். வேண்டாம்னா வழியில யார்கிட்டயாவது விட்டுட்டுப் போவாங்க.”

நாய் கூடைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது. குரைக்கவில்லை. குரைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்கு ஒண்ணும் இல்லை” என்றார் மீட்டர்க்காரர். “ஆனா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே. இத்தனை வருஷமா உனக்கு வேண்டாம்னு சொன்னதும் இதைக் காட்டித்தானே. கடிபட்டவன் நான். நாளைக்கு நானே நாயைப் பிடிச்சுக்கிட்டு தெருவுல போனா, இந்தத் தழும்புக்கு என்ன மரியாதை?”

“தழும்புக்கு மரியாதை எதுக்கு அண்ணே?” என்றார் லாரி டிரைவர். “அது என்ன உங்க மாமனாரா?”

“உனக்குத் தெரியாது தம்பி. கன்னுக்குட்டி மாதிரி நாய்.”

“முந்தாநாள் கழுதை மாதிரின்னீங்க.”

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்தாள். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். கூடையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்த நாயைப் பார்த்தாள். பிறகு தம்பியையும் நாயையும் இவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே என்பதுபோல் எல்லோரையும் பார்த்தாள்.

பின்னாலேயே டாக்டரம்மாவும் மாணவர் கூட்டமும் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் நோயாளியை வழியனுப்ப இத்தனை பேர் வந்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை.

“வாக்கா” என்றார் மீட்டர்க்காரர் உற்சாகமாக. இத்தனை சாட்சிகள் முன்னால் ஒரு தீர்ப்பு வந்துவிட்டால் நல்லதென்று அவருக்குத் தோன்றியது. போர்வையை விலக்கிக் கெண்டைக்காலை நீட்டினார். “நீயே சொல்லு. கூடவே இருந்தவ நீ. என்னைக் கடிச்ச நாய் எவ்வளவு பெரிசு?”

அக்கா வழக்கம்போல நழுவிப் போக அடுப்பைத் தேடினாள். வார்டில் அடுப்பு இல்லை.

“இப்போ எதுக்குடா அது?”

“இல்லம்மா, எங்களுக்கு முக்கியம்” என்றார் டாக்டரம்மா. “இவருக்கு இந்த நோய் எப்படி வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியல. நாயோட முடி வாய்க்குள்ள போயிருக்கணும், அதுவும் வால் பக்கத்து முடியா இருந்தா நிச்சயம். ஆனா இவர், நாயைத் தொட்டதே இல்லைங்கறார். நாய் இவரைக் கடிச்சது மட்டும்தானாம்.”

“வாலா?” என்றாள் அக்கா.

மனைவி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாணவர்கள் கிட்டே நெருங்கினார்கள். லாரி டிரைவர் தொங்குகிற காலோடு எவ்வளவு எம்ப முடியுமோ அவ்வளவு எம்பினார்.

அக்கா தம்பியின் காலைப் போர்வையால் மூடிவிட்டு, பெருமூச்சு விட்டாள்.

“குடும்ப மானம் போயிடும்னு அம்மா மாத்திச் சொல்லி வெச்சாங்க, நானும் இத்தனை நாள் வாயைத் திறக்கல; காலைக் கிழிச்சது தகரக் கதவுடா தம்பி, வாலைக் கடிச்சது நீ, பயந்து ஊரை விட்டு ஓடினதுதான் நாய்.”